பிரபுவின் மூத்த மகனும் பதிவேட்டின் ஓரமும்

எங்கள் பங்குக் கோயில் மலரின் ஆசிரியர் தம்பி இந்த வருடம் என்னை விடுவதாக இல்லை. மூன்று முறை தொலைபேசி எடுத்துவிட்டார்.

"அக்கா, நொத்தாரிசு கந்தோரில இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல வேலை செய்து ஓய்வெடுத்திருக்கிறியள். ஏதாவது எழுதித் தாங்கோவன்."

"தம்பி, நான் பாத்ததெல்லாம் கடதாசி. அதில என்னத்தை எழுதுறது?"

"பெரிய ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையோ?"

வந்தார். ஒரே ஒருவர். அவரை நினைக்க இன்னொரு காரணமும் அதே கிழமை வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் மேல்சபையில் பரம்பரைப் பிரபுக்களுக்கு மிச்சமிருந்த கதிரைகளையும் எடுத்துவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் மரியதாஸ் தலையைத் தூக்கி, "ஆக்னஸ், உன்ரை பிரபுவின்ரை கதிரை போயிட்டுது" என்றார். அந்த மனிதர் அந்தக் கதிரையில் இருந்ததே இரண்டு நாள்தான். அதைச் சொன்னால் இவர் நம்பமாட்டார்.

பெயர்களை நான் இங்கே எழுதமாட்டேன். உறுதியும் மரணசாசனமும் எழுதி அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசு அலுவலகத்தில் வேலை செய்தவள் வாயைக் கட்ட வேண்டும். ஓய்வு பெற்றாலும் அது விடாது. ஆகவே அவரைப் பிரபு என்றே சொல்கிறேன். அவருடைய மகன்மாருக்கு நானாக பிலிப், அன்ட்ரூ என்று பெயர் வைத்திருக்கிறேன். என்னுடைய நொத்தாரிசு அம்மாவுக்கு பெலான்ழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கதைத்ததை நான் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுவதால், இங்கிலாந்துப் பிரபு மன்னார்ப் பக்கத்து மனிதர் மாதிரிக் கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் இந்த வேலைக்கு வந்த கதை. மன்னாரில் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் கடைசியில் கோயிலுக்குத்தான் வருவார்கள், ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்று. அதை எழுதிக் கொடுத்துக் கொடுத்தே என் கையெழுத்து உருண்டையானது. பிறகு நாங்களும் ஓடினோம். மொன்றியலில் இரண்டு வருடம் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி ஒட்டினேன், பின்னேரங்களில் பிரெஞ்சு படித்தேன். பெலான்ழே அம்மாவின் கந்தோரில் கோப்பு அடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். நேர்முகத்தில் அவர் ஒரு பழைய பதிவுத்தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார். கொக்கிக் கொக்கியான எழுத்து. நான் தடங்கலில்லாமல் வாசித்தேன். திங்கட்கிழமை வரச்சொன்னார்.

அவருக்கு என்னால் என்ன பிரயோசனம் என்று பிறகுதான் விளங்கியது. இந்த மாகாணத்தில் முப்பது வருடத்துக்கு முன்புவரை பிறப்பும் திருமணமும் இறப்பும் கோயில்களில்தான் பதிவானது. அரசாங்கத்துக்கும் அதுதான் பதிவு. ஒவ்வொரு கோயிலும் இரண்டு புத்தகம் எழுதும். வருட முடிவில் ஒன்று நீதிமன்றத்துக்குப் போகும், மற்றது கோயிலில் இருக்கும். ஒருவர் செத்தால் அவருடைய வாரிசு யார் என்று நிரூபிக்க இந்தப் புத்தகங்களைத் தேடவேண்டும். மற்ற லிகிதர்கள் இந்த வேலை வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கோ அது பிறந்த வீட்டு வேலை.

பெலான்ழே அம்மா உயரம் குறைந்த மனுசி, குரல் அதைவிடக் குறைவு. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். அவர் போட்ட கையெழுத்தை உலகத்தில் ஒருவரும் சந்தேகிக்கக்கூடாது என்பதுதான் அவருக்கு வாழ்க்கை. கந்தோரை விட்டு வெளியே போகும் எந்தத் தாளையும் இரண்டு தரம் வாசிப்பார். முதல் தரம் கண்ணால், இரண்டாம் தரம் வாய்க்குள் முணுமுணுத்து. நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு அறிக்கையில் "வேறு பிள்ளைகள் இல்லை" என்று எழுதிவிட்டேன். கூப்பிட்டார்.

"ஆக்னஸ், இல்லை எண்டு உமக்கு என்னெண்டு தெரியும்?"

"தேடினனான் மேத்ர். காணேல்லை."

"அப்ப அதை எழுதும். எந்தப் புத்தகம், எந்த வருசத்திலை இருந்து எந்த வருசம் வரை தேடினீர், அதிலை காணேல்லை எண்டு எழுதும். இல்லை எண்டு எழுத எங்களுக்கு உரிமை இல்லை."

இங்கே நொத்தாரிசை மேத்ர் என்றுதான் கூப்பிடவேண்டும். அன்றைக்கு அந்தத் தாளைத் திருத்தி எழுதினேன். பிறகு பல வருடம் அப்படித்தான் எழுதினேன், ஒரு தரத்தைத் தவிர.

நான் சேர்ந்து ஐந்தாறு வருடத்தில் பிரபு முதன்முதலாக வந்தார். மனைவி ஜினெட் இறந்து சில மாதம். மரணசாசனத்தைப் புதிதாக எழுதவேண்டும் என்று நேரம் கேட்டிருந்தார். கோப்பில் பெயருக்கு முன்னால் இருந்த பட்டத்தைப் பார்த்து மேசையை இரண்டு தரம் துடைத்தேன். பட்டுக் கோட்டும் கைத்தடியுமாக ஒருவர் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, கம்பளித் தொப்பியும் சேறு காய்ந்த சப்பாத்துமாய் ஒரு நெட்டையான கிழவர் வந்து நின்றார். நகரத்தின் மேற்கு ஓரத்துப் பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ் பிடித்து, பிறகு மெட்ரோ எடுத்து வந்திருக்கிறார். நாங்களும் பியர்பொன்ட்ஸில்தான் இருக்கிறோம். அந்த பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் நின்று வருவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

"உங்களை நான் என்னெண்டு கூப்பிடவேணும்?" என்று கேட்டேன்.

"மிஸ்டர் எண்டாப் போதும். பனி வழிக்கிற பெடியன் அதையும் சொல்லுறேல்லை" என்றார்.

அவருடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். பிரபுக் குடும்பத்தில் கடைசிக் கொப்பில் பிறந்தவர். பட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பெரியப்பாவும் ஒன்றுவிட்ட அண்ணன்மார் இருவரும் இருந்தார்கள். அவருக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்து, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயக் கல்லூரிப் பண்ணையில் கூலிக்கு மண் கொத்தினார். பிறகு அங்கேயே மண் பரிசோதிக்கும் உதவியாளராகி, ஓய்வு பெறும்வரை அதே ஆய்வுகூடம். மற்றவர்கள் ஆண் பிள்ளை இல்லாமல் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர, ஒருநாள் பியர்பொன்ட்ஸ் வீட்டுத் தபால்பெட்டியில் பட்டம் வந்து விழுந்தது. பட்டம் மட்டும்தான். மாளிகையைப் பெரியப்பாவே விற்றுவிட்டார். கடிதத்தை வாசித்துவிட்டு வழமை போல வேலைக்குப் போனாராம். சுகவீன விடுமுறையில் ஒரு தரம் லண்டன் போய் மேல்சபையில் இருந்தார். இரண்டாம் நாள் எழும்பி மண்ணரிப்பைப் பற்றி ஏழு நிமிடம் பேசினார். லீவு முடிந்தது, திரும்பி வந்துவிட்டார்.

எங்கள் கந்தோரில் நான் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தேன். இலை எல்லாம் மஞ்சள். பிரபு வந்த அன்று யன்னலடியில் குனிந்து மண்ணை விரலால் தோண்டி மணந்து பார்த்தார். "மாரியிலை இதுக்குத் தண்ணி வேண்டாம். நித்திரை கொள்ளட்டும்" என்றார். அந்தக் கன்று இப்போது என் வீட்டில் நாலடி வளர்ந்து நிற்கிறது. யார் அறைக்குள் வந்தாலும் பிரபு எழும்பி நிற்பார், கூட்டித் துடைக்க வரும் பிள்ளை வந்தாலும். தான் இருந்த கதிரையைப் போகும்போது தூக்கி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் போவார். பெலான்ழே அம்மா அவர் போன பிறகு அந்தக் கதிரையைப் பார்த்து, "பிறப்பிலை வாறதோ, பழக்கத்திலை வாறதோ தெரியேல்லை" என்றார். அந்த மனுசி வாயால் ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

மரணசாசனத்தில் ஒன்றும் சிக்கல் இல்லை. வீடும் சேமிப்பும் இரண்டு மகன்மாருக்கும் சரிபாதி. மூத்தவர் பிலிப் துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். இளையவர் அன்ட்ரூ இங்கிலாந்தில் இருப்பவர். நான் தட்டச்சுச் செய்து வாசித்துக் காட்டினேன். "என் மூத்த மகன் பிலிப்" என்ற இடத்தில் பிரபு கையை உயர்த்தினார்.

"முறைப்படி பிறந்த என் மூத்த மகன் பிலிப் எண்டு எழுதுங்கோ."

பெலான்ழே அம்மா விளங்கப்படுத்தினார். இந்த மாகாணச் சட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான், அந்தச் சொல்லுக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை, சும்மா கிடக்கும் என்றார்.

"சும்மா கிடக்கட்டும் மேத்ர். தயவு செய்து எழுதுங்கோ" என்றார் பிரபு. காது மடல் இரண்டும் சிவந்திருந்தது.

எழுதினேன். பழைய காலத்து ஆங்கிலேயப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை, மேத்ரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தார். கடைசி நாலு வருடம் பிலிப்தான் வீட்டில் வந்திருந்து பார்த்தார். வேலை முடிந்து வந்து குளிக்க வார்த்து, சவரம் செய்துவிட்டு, சூப் காய்ச்சிக் கொடுத்தார் என்று அக்கம்பக்கத்துத் தமிழ்ச் சனமே சொல்லும். பிரபு இறந்தது ஒரு தை மாதத்தில்.

வீட்டைப் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் ஒரு வார்த்தை கூட இல்லை. பட்டத்தில்தான் தடக்கியது. பங்குனி மாதம் அன்ட்ரூவின் இங்கிலாந்து வழக்கறிஞர்களிடமிருந்து கடிதம் வந்தது. பட்டம் மூத்த மகனுக்குப் போகும். ஆனால் தாய் தகப்பன் கலியாணம் கட்டிய பிறகு பிறந்த மகனாக இருக்கவேண்டும். பிள்ளை பிறந்த பிறகு கட்டினால், அந்தப் பிள்ளை மற்ற எல்லாவற்றுக்கும் பிள்ளைதான், பட்டத்துக்கு மட்டும் இல்லை. அது அவர்களுடைய சட்டம். குடும்பத்தில் எல்லாரும் அறிந்த கலியாணம் மொன்றியலில், பிரபுவின் சபையான, கத்தோலிக்கம் அல்லாத ஆங்கிலேயக் கோயில் ஒன்றில் நடந்தது. அந்தப் படத்தில் பிலிப் ஒன்றரை வயதுப் பிள்ளையாக, சின்னம்மாவின் இடுப்பில் இருக்கிறார்.

அதற்கு முன்னால் வேறு திருமணம் ஏதும் நடந்ததா என்று பதிவேடுகளைத் தேடிச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். இல்லையென்றால், தான் பெற்றோரின் திருமணத்துக்கு முன் பிறந்தவன் என்று பிலிப் சத்தியக் கடதாசி ஒன்றில் கையெழுத்து வைக்கவேண்டும்.

நான் தேடினேன். மொன்றியல் நீதிமன்றப் பிரதிகள் எல்லாம் அப்போது கணினித் திரையில் வந்துவிட்டன. முன்பு மூன்று நாள் எடுக்கும் தேடல் ஒரு மத்தியானத்தில் முடிந்தது. திருமண அட்டவணையில் அந்த ஒரு திருமணம்தான். இருவரும் மணமாகாதவர் என்று எழுதி, பிரபு கையெழுத்து வைத்திருந்தார். எந்தக் கோயிலில் கொடுப்பது என்ற இழுபறியில் பிலிப்புக்கு ஞானஸ்நானம் பிந்தி, கடைசியில் அதே கிழமை அதே ஆங்கிலேயக் கோயிலில் நடந்திருந்தது. அதில் பெற்றோர் பெயர் மட்டும் இருந்தது. ஜினெட் அம்மாவின் ஞானஸ்நானப் பதிவையும் நீதிமன்றப் பிரதியில் எடுத்து, பிறந்த திகதியைச் சரிபார்த்தேன். அறிக்கை எழுதினேன். அவசரத்தில், என்னை மீறிய ஒரு மிதப்பில், "இதற்கு முன் வேறு திருமணம் இல்லை" என்று எழுதினேன். பெலான்ழே அம்மா கண் சத்திரசிகிச்சை முடிந்து வந்திருந்த கிழமை அது. என்னை நம்பி, வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். எனக்குத் தெரிந்து அவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தது அந்த ஒரு தாள்தான்.

கடிதம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று நாளும் வைத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை பிலிப் துறைமுக மேலாடையோடு வந்து வரைவை வாங்கி வாசித்தார். தகப்பனுடைய உயரம், தாயின் வட்ட முகம். வாசித்து முடிய என்னைப் பார்த்தார்.

"பட்டத்தை நான் என்ன செய்ய மேடம்? பாரந்தூக்கியிலை தொங்கவிடுறதோ? ஆனா செத்தவீட்டிலை அப்பாவின்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி ஒரு மனுசி வந்து, எனக்குக் கேக்கவே சொன்னவ, பிள்ளையைக் காட்டித்தானே உன்ரை அம்மா எங்கடை ஆளைப் பிடிச்சவள் எண்டு. இப்ப அதுக்கு நானே கையெழுத்து வைக்கவேணும்."

"வைக்காமலும் விடலாம்" என்றேன்.

"உண்மை எண்டா வைக்கத்தானே வேணும். நீங்கள் தேடி இல்லை எண்டு எழுதியிருக்கிறியள். அப்பா உங்கடை கந்தோரை நம்பினவர்."

எழும்பினார். கதிரையைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார். நான் கோப்பைத் திரும்பத் திறந்து மூடினேன். ஏதோ இடறியது, என்னவென்று தெரியவில்லை.

தெரிந்தது புதன்கிழமை. வேலை முடிந்து வர, மரியதாஸின் சகோதரியின் மகள் நிரோஜா எங்கள் குசினியில் இருந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் அவளுக்குக் கலியாணம்.

"மாமி, கோயிலிலை ஞானஸ்நானச் சான்றிதழ் திருப்பி அனுப்பிட்டினம். மன்னாரிலை இருந்து புதுசா எடுக்கட்டாம், ஆறு மாசத்துக்குள்ளை எடுத்ததாம் வேணும். நான் திருப்பித் திருப்பியோ ஞானஸ்நானம் எடுக்கிறன்?"

"அதுக்கில்லையடி. நீ வேறை எங்கையும் கலியாணம் கட்டியிருந்தா, கட்டின கோயில் நீ ஞானஸ்நானம் எடுத்த கோயிலுக்கு அறிவிக்கும். அவையள் உன்ரை பதிவுக்குப் பக்கத்திலை ஓரத்திலை அதை எழுதுவினம். புதுசா எடுத்தாத்தான் ஓரத்திலை ஏதும் ஏறியிருக்கோ எண்டு தெரியும். நான் அங்கை இருக்கேக்கை எத்தினை பேருக்கு…"

கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

மன்னாரில் நானே, என் கையால், எத்தனையோ ஓரக்குறிப்புகள் எழுதியவள். கொழும்பிலும் இந்தியாவிலும் கட்டியவர்களின் கலியாணங்களை எல்லாம் பதிவேட்டின் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி ஏற்றியவள். ஜினெட் அம்மா கத்தோலிக்கப் பெண். அவருடைய பதிவை நான் எதில் பார்த்தேன்? நீதிமன்றப் பிரதியில். அந்தப் பிரதி அவர் பிறந்த வருடமே நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இருபது வருடம் கழித்து நடந்த கலியாணம் அதன் ஓரத்தில் எப்படி ஏறும்? ஏறுவதென்றால் கோயில் புத்தகத்தில்தான். அந்தப் புத்தகத்தை நான் பார்க்கவில்லை. கணினித் திரை இருக்க, மினக்கெட்டு ஏன் போகவேண்டும் என்று இருந்துவிட்டேன். அப்போதுதான் பிரபுவின் அந்தச் சிவந்த காது மடல்கள் நினைவில் வந்தன. முறைப்படி பிறந்த என் மூத்த மகன். அந்த மனிதர் எங்களுக்குச் சொல்லித்தான் இருக்கிறார்.

வியாழன் விடிய, கந்தோர் திறக்க முன்னமே போய் நின்றேன். பெலான்ழே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று போய், அழுதுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்கவில்லை.

"பாக்காமல் விட்டது எந்தக் கோயில் புத்தகம்?" மிகவும் மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன். சென்ட் லோரன்ஸ் ஆற்றோடு கீழே போனால் ஒன்றரை மணித்தியாலத் தூரம்.

"நாளைக்குக் கையெழுத்து. கோட்டைப் போடும்."

"பிலிப்புக்குச் சொல்லவேண்டாமோ?"

"ஒண்டும் கிடைக்காட்டி அவருக்கு இரண்டாம் தரமும் அதே நோவு. வாரும்."

அவரே காரை ஓட்டினார். கண் சத்திரசிகிச்சை முடிந்த மனுசி, அறுபத்தைந்து வயது, பனி உருகி வழியெல்லாம் சேறு. கோயில் அலுவலகத்தில் இருந்த அம்மா திறப்பை எடுத்துவந்து இரும்பு அலுமாரியைத் திறந்தார். தோல் அட்டைப் புத்தகம். அந்த மணம் எனக்குப் பழக்கமான மணம். பக்கத்தைப் புரட்டினேன். ஜினெட்டின் பெயர். ஓரத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில் நாலு சின்ன வரி. எனக்குக் கண் மறைத்தது. பெலான்ழே அம்மாதான் வாய்விட்டு வாசித்தார். பிரபுவின் முழுப்பெயர். ஒட்டாவா ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பங்கின் பெயர். ஒரு திகதி. விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன். பிலிப் பிறப்பதற்குப் பதினொரு மாதம் முன்பு.

அந்தப் பங்கு வேறு நீதிமன்றப் பிரிவு. அதனால்தான் மொன்றியல் அட்டவணையில் ஏறவில்லை. அந்தக் கோயில் பிற்காலத்தில் எரிந்துபோனதாக அங்கிருந்த அம்மா சொன்னார். ஆனால் அதன் நீதிமன்றப் பிரதி இருக்கும். எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால் தேடுவது ஒரு வேலையே இல்லை.

திரும்பி வரக் காரை எடுத்தபடியே பெலான்ழே அம்மா என்னைப் பார்த்தார். "தேடினம், கண்டுபிடிச்சம் எண்டு எழுதும்" என்றார். பிறகு சிரித்தார். எனக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வெள்ளிக்கிழமை பிலிப் வந்தபோது கையெழுத்து வைக்க என்று வீட்டிலிருந்து பேனை கொண்டுவந்திருந்தார். தகப்பனுடைய பேனை. பெலான்ழே அம்மா எழும்பி நின்று சொன்னார்.

"என்ரை கந்தோர் உங்களுக்குப் பிழையான அறிக்கை தந்திட்டுது. அதிலை கையெழுத்து என்ரை. மன்னிக்கவேணும்."

"எழுதினது நான்" என்றேன். இவர் தன் தலையில் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஓரக்குறிப்பின் படத்தை மேசையில் வைத்தோம். பிலிப் வெகுநேரம் பார்த்தார். தாயின் பெயரில் விரலை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

"அப்ப அம்மா…" என்றவர், பாரந்தூக்கி ஓட்டுகிற அந்தப் பெரிய கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அங்கிருந்தே தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். விசயத்தைச் சொன்னார். அன்ட்ரூ பட்டத்தோடு பெயர் அட்டை அடித்துவிட்டார் என்று கேள்வி, ஆகவே சண்டைதான் வரப்போகிறது என்று நான் இருந்தேன். அவர் கேட்டது பிலிப்பின் கைபேசியைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

"அண்ணா, அப்ப செத்தவீட்டிலை அந்த மனுசி சொன்னது பொய்யோ?"

"முழுப்பொய்."

"எனக்கும் சொன்னவ. நானும் நம்பிட்டன்" என்றார் அன்ட்ரூ. அவரும் ஜினெட்டின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

திருமணப் பதிவின் அத்தாட்சிப் பிரதி பத்து நாளில் வந்தது. பெண் கத்தோலிக்கம், மாப்பிள்ளை ஆங்கிலேயச் சபை என்பதால் பீடத்துக்கு முன்னால் கட்டவிடாமல், கோயிலின் பின்னறையில் வைத்துத்தான் பங்குச் சுவாமியார் கட்டிவைத்திருக்கிறார். பெண் வீட்டார் ஒருவர் பெயரும் இல்லை. இரண்டு சாட்சி, பண்ணையில் வேலை செய்த ஆட்கள். பிறகு நடந்ததை பிலிப்பும் நாங்களும் ஊகித்துக்கொண்டோம். இரண்டரை வருடம் கழித்து இங்கிலாந்திலிருந்து பிரபுவின் தாய் வந்திருக்கிறார். கத்தோலிக்கக் கோயிலில் கட்டியது அவருக்குக் கலியாணமாகப்படவில்லை. தாயின் மனம் நோகக்கூடாது என்று மகன் இன்னொரு தரம் மாப்பிள்ளைக் கோட்டுப் போட்டு, மணமாகாதவன் என்று கையெழுத்து வைத்திருக்கிறார். பட்டம் அப்போது கனவிலும் இல்லை. முப்பது வருடம் கழித்து அது வந்து விழுந்தபோது, அந்தக் கையெழுத்துப் பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாய் வராமல் அந்த ஒரு சொல்லை மரணசாசனத்தில் வைத்துவிட்டுப் போனார். அவரை எவ்வளவோ மதிக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு அவரோடு கோபம் உண்டு. பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம்.

பிரதியில் பெயருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தொழில் இருந்தது. ஆங்கிலேயக் கோயில் பதிவில் கனவான் என்று எழுதியிருந்தவர், இதில் தொழிலாளி என்று எழுதியிருந்தார். பிலிப் அதை இரண்டு தரம் வாசித்தார்.

பட்டத்தை விட்டுக்கொடுக்கலாமா, தம்பிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். அது வீடோ காரோ இல்லை, கைமாற்ற முடியாது. வேண்டாம் என்றாலும் அவர் இருக்கும்வரை இன்னொருவருக்குப் போகாது. "அப்ப இருக்கட்டும்" என்றார். இங்கிலாந்துப் பதிவேட்டில் பெயர் ஏற, நொத்தாரிசு முன்னால் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். எங்கள் வழக்கப்படி அது பெயர், தொழில், விலாசம் என்று தொடங்கும். நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். "நான், பிலிப்" என்று அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பாரந்தூக்கி இயக்குநர் என்பதா, பிரபு என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"தொழில் என்னெண்டு போட?"

அவர் மேசையில் கிடந்த பழைய பதிவைத் தொட்டுக் காட்டினார்.

"அப்பா அண்டைக்கு எழுதினதையே எழுதுங்கோ."

எழுதினேன். தாளை எடுத்துப் பெலான்ழே அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் கண்ணால் வாசித்தார், பிறகு வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். தொழிலாளி என்ற சொல்லில் ஒரு கணம் நின்றார். காற்புள்ளி பிழைத்தாலும் விடாத மனுசி, ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்து வைத்தார்.